பதினைந்து கையெழுத்து

ஒரு இங்கிலீஷ் வார்த்தை சின்னையனின் மண்டையில் ஏற வேண்டுமானால், ஹெட்மாஸ்டர் அமிர்தராஜ் வந்து அதை உள்ளே அடித்து இறக்க வேண்டும். வேறு வழியில் ஏறாது. அகராதியில் போட்டிருக்கிற அர்த்தத்தை இருபது தரம் சொல்லிப் பார்த்தாலும் காலையில் பல் விளக்கும்போது காணாமல் போயிருக்கும். அந்த வார்த்தையோடு அமிர்தராஜை ஒரு தரம் நினைத்துக்கொண்டால் போதும், ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும்.

ஐம்பது வயசில் இது என்ன படிப்பு என்று கேட்க அவன் வீட்டில் ஆள் இல்லை. காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீடு. அதில் அவன் ஒருத்தன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்வான். காலையில் வடித்த சோறு பானையில் இருக்கும். அதைத் தின்றுவிட்டு, மலைக்கோட்டைக் கடைத்தெருவில் வாங்கின பழைய அகராதியைப் பிரிப்பான். அதற்கு அட்டை கிடையாது. கடைசி இருபது பக்கமும் கிடையாது. நாளைக்குப் பத்து வார்த்தை என்று வைத்துக்கொண்டிருந்தான்.

"பங்க்சுவல். நேரம் தவறாத" என்று வாய்விட்டுச் சொல்வான். சொன்னதும் அமிர்தராஜ் வந்து நிற்பார். மூடின கோட்டு, கையில் செயின் போட்ட கடியாரம். மணி அடித்ததும் பள்ளிக்கூடத்துக் கேட்டைச் சாத்த வேண்டும். பையனின் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருந்தாலும் சாத்த வேண்டும். ஒரு மழை நாளில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு அமிர்தராஜே இரண்டு நிமிஷம் பிந்தி வந்தார். சின்னையன் பதறிப்போய்க் கேட்டைத் திறந்தான். "யார் உன்னைத் திறக்கச் சொன்னது? மூடு" என்றார். மூடினான். பிந்தி வந்த பையன்களோடு அவரும் மழையில் நின்றார். இரண்டாம் மணிக்கு உள்ளே வந்ததும் லேட் ரிஜிஸ்டரை வரவழைத்து, பையன்கள் பேருக்குக் கீழே தன் பேரையும் எழுதினார். சின்னையன் மாடிப்படிக்கு அடியில் போய் நின்று சிரித்துவிட்டு வந்தான். எதிரில் சிரித்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும்.

"நெக்லிஜென்ஸ். கவனக்குறைவு." அது மணி. மூன்றாம் பீரியடுக்கு நாலு அடி அடித்துவிட்டான். ஸ்கூல் விட்டபிறகு அமிர்தராஜ் காலி மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூறு தரம் அடி என்றார். நடுவில் சின்னையனுக்கு எண்ணிக்கை தப்பிப்போனது. "எழுபத்திரண்டு" என்றார் அமிர்தராஜ், படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்பாலஜி" என்ற வார்த்தைக்கு லால்குடிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் வருவார். மகனை ஸ்கூலை விட்டு விரட்டிவிட்டார்கள் என்று ஒரு கூடைக் கத்திரிக்காயோடு வந்தவர். கூடை வெளியிலேயே நிற்கட்டும் என்றார் அமிர்தராஜ். அப்பாலஜியை அவரே இங்கிலீஷில் எழுதி நீட்டினார். மிராசுதார் கட்டைவிரலை மையில் தோய்த்துக்கொண்டு சின்னையன் காதோடு, "என்னங்க எழுதியிருக்கு இதுல?" என்று கேட்டார். சின்னையன், "உங்க நல்லதுக்குத்தாங்க" என்றான். அவனுக்கு என்ன தெரியும்?

"டிஸ்மிஸ்" வந்தால் அன்றைக்குப் படிப்பு அதோடு சரி. டிராயிங் மாஸ்டர் அற்புதசாமிக்கு ஒரு கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன்தான். சிரித்துக்கொண்டே, "சம்பளம் கூட்டியிருக்காங்க போல, மிட்டாய் வாங்கித் தாங்க" என்று கேலி பேசிக்கொண்டே கொடுத்தான். பிரித்துப் படித்த அற்புதசாமி அவனை ஒன்றும் சொல்லவில்லை. பிரஷ்களைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்தக் கவரைக் கொடுத்தாலும் சின்னையன் சிரிப்பதில்லை.

இப்படிக் கெட்ட வார்த்தையெல்லாம் சுலபமாக வந்தது. நல்ல வார்த்தைகள்தான் தகராறு. "கைண்ட்" என்பதை நாலு நாள் எழுதிப் பார்த்தான். எத்தனை யோசித்தும் அதில் அமிர்தராஜ் வந்து நிற்கவில்லை. போய்த் தொலை என்று அடுத்ததற்குப் போய்விட்டான்.

கலெக்டர் ஆபீஸில் உத்தியோகம் பார்க்கவா இத்தனை பாடு? அவன் படிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அமிர்தராஜ் அவனைப் பற்றி எழுதின பக்கம். எழுதி, அவன் கையிலேயே கொடுத்து, வாத்தியார்கள் எல்லாருக்கும் காட்டிவிட்டு வரச் சொன்ன பக்கம். அன்றோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனோடு பேச்சு நின்றுபோனது. என்ன எழுதினார்? அது தெரியாமல் சாகக் கூடாது என்று சின்னையன் முடிவு பண்ணியிருந்தான்.

பள்ளிக்கூடம் மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த ஒரு ஹைஸ்கூல். பேரைச் சொல்லப்போவதில்லை, அங்கே படித்த வக்கீல்கள் திருச்சியில் நிறைய இருக்கிறார்கள், நமக்கு எதற்கு வம்பு? சின்னையன் அங்கே பியூன். மணி அடிப்பான், தண்ணீர் வைப்பான், எல்லாவற்றுக்கும் மேலே சர்க்குலர் நோட்டைச் சுமப்பான். ஹெட்மாஸ்டர் ஏதாவது உத்தரவு போட்டால் அந்த நோட்டில் எழுதுவார். பியூன் அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டு போக வேண்டும். வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். கையெழுத்து விழுந்தால் படித்தாயிற்று, கட்டுப்பட்டாயிற்று என்று அர்த்தம்.

அமிர்தராஜ் தமிழில் ஒரு வரி எழுதமாட்டார். சின்னையனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. ஆகையால் அவன் வாத்தியார்களின் முகத்தைப் படிப்பான். முகம் மலர்ந்தால் லீவு. சுருங்கினால் இன்ஸ்பெக்டர் வருகிறார். "என்ன சார் விசேஷம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் சொல்லுவார்கள், அவனும் பதிலுக்கு ஏதாவது கேலி பேசுவான். அந்தக் காலத்தில் அவன் வாய் ஓயாது. பதினைந்து வகுப்பைச் சுற்றி வருவதற்குள் பதினைந்து பேரையும் சிரிக்கவைத்துவிடுவான்.

அது 1929-ஆம் வருஷம் வரைக்கும். அந்த வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், ஆற்றில் புதுத்தண்ணீர், காட்டூரில் நாலைந்து வீட்டில் வாந்திபேதி. சனிக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அழகம்மாள், ஞாயிற்றுக்கிழமை பொழுது ஏறுவதற்குள் மண்ணுக்குள் போய்விட்டாள். தூக்குவதற்கு நாலு பேர் சேர்ந்ததே பெரிய காரியம். லால்குடியில் இருந்த அவள் அண்ணனுக்கு ஆள் போனது. "நோய் அடங்கட்டும், வரேன்" என்று சொல்லி அனுப்பினவன் அப்புறம் வரவே இல்லை. பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை குட்டியும் கிடையாது. துக்கம் கேட்க ஒரு மனுஷர் அந்த வாசலை மிதிக்கவில்லை.

சாவுத் தீட்டோடு வேலைக்குப் போகக் கூடாதுதான். ஆனால் அந்த வீட்டில் சின்னையனால் உட்கார முடியவில்லை. அவள் துவைத்துப் போட்ட துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் நடந்தே ஸ்கூலுக்கு வந்துவிட்டான்.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு? குடிச்சியா?" என்றார் அமிர்தராஜ்.

"இல்லைங்க. நேத்து வீட்டுல செத்துப்போச்சுங்க."

"யாரு?"

"சம்சாரங்க. வாந்திபேதி."

"அப்புறம் இங்கே எதுக்கு வந்தே?"

"வீட்டுல இருக்க முடியலைங்க."

 அமிர்தராஜ் சர்க்குலர் நோட்டை இழுத்துப்போட்டு மளமளவென்று எழுதினார். மை காய்வதற்குள் அவனிடம் நீட்டி, "எல்லார்கிட்டயும் காட்டிட்டு வா. அப்புறம் போய் மணியைப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

அவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனான். முதல் வகுப்பில் வாத்தியார் படித்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார். குனிந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த வகுப்பிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சயன்ஸ் வாத்தியார் பரக்கத் அலி, தான் போடுகிற வெற்றிலையில் பாதியைக் கிள்ளி இவனுக்குக் கொடுக்கிற மனுஷர், நோட்டை ஓரத்தில் பிடித்து வாங்கின மாதிரி இருந்தது. அப்போதுதான் சின்னையனுக்குச் சுரீரென்று பட்டது. நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். வாந்திபேதி கண்ட வீட்டுக்காரன், கிட்டே சேர்க்காதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார். எழுதினதையும் என் தலையிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

கடைசியில் தமிழ்ப் பண்டிதர் பராசரன். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி தினமும் நடந்தே வருகிறவர். நெற்றியில் திருமண், பஞ்சகச்சம், கையில் ஒரு மடித்த குடை. அவரும் வாங்கினார், கையெழுத்துப் போட்டார், கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டுச் சின்னையன் வேப்பமரத்தடியில் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வந்தார். பொன்மலை ரயில்வே ஸ்ட்ரைக் நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது; அந்த வார்த்தை இன்னும் எல்லார் வாயிலும் இருந்தது.

"என்ன சின்னையா, தூக்குப் பாத்திரத்தைக் காணோம்? ஆத்துக்காரி சமைக்க மாட்டேன்னு ஸ்ட்ரைக் பண்ணிட்டாளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

சின்னையன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் பண்டிதரின் சிரிப்பு அப்படியே நின்றது. மற்றவர்களாவது படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இந்த மனுஷர் படித்துவிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு, செத்தவளைக் கேலி பண்ணுகிறார். படித்த பாவிக்கு ஈரம் இருக்காது என்பது சரிதான் என்று நினைத்தான்.

அதோடு சின்னையனின் வாய் கட்டிக்கொண்டது. கொஞ்ச நாள் போனபிறகு ஒன்றிரண்டு பேர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பரக்கத் அலிகூட வெற்றிலையை நீட்டி, "எப்படிப்பா இருக்கே?" என்றார். "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை வாங்காமல் நகர்ந்தான். கேட்டதற்கு ஆமாம், இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பண்டிதரிடம் அதுவும் கிடையாது. அவர் மேஜையில் நோட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான், கையெழுத்தானதும் எடுத்துக்கொண்டு போவான். பழைய வாத்தியார்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவன் ஊமைச் சின்னையன்.

யாரிடமாவது அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்றால், நோட்டெல்லாம் அமிர்தராஜின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. அது திறந்து கிடந்தாலும் கேட்டிருக்கமாட்டான். ரோஷக்காரன். தன்னைப் பற்றின அசிங்கத்தை இன்னொருத்தர் வாயால் கேட்டு, அவர் முகத்தை வேறு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? 1939-இல் அமிர்தராஜ் ரிட்டயராகிச் சொந்த ஊருக்குப் போனார். மாலையும் கழுத்துமாக ஜட்காவில் ஏறும்போது சின்னையனைப் பார்த்து, "மணியை ஒழுங்கா அடி" என்றார். அந்த மாதம்தான் சின்னையன் அகராதி வாங்கினான்.

பத்துப் பத்து வார்த்தையாக இரண்டு வருஷம் ஓடியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தான். பக்கத்தைப் பார்க்க அவனுக்குப் பயம். அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. 1941 பங்குனியில் புது ஹெட்மாஸ்டர் ஒரு உத்தரவு போட்டார். யுத்தத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்திருந்தது. பழைய காகிதத்துக்கு நல்ல விலை. பத்து வருஷத்துக்கு முந்தின நோட்டு, ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் கட்டி வைக்க வேண்டும், வருகிற வெள்ளிக்கிழமை வியாபாரி வண்டியோடு வருகிறான். கட்டி வைக்கிற வேலை சின்னையனுக்கு. அமிர்தராஜின் பீரோவில் இருந்த நோட்டெல்லாம் இப்போது ஸ்டோர் ரூமில். அதன் சாவி அவன் இடுப்பில்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. திங்கட்கிழமை மத்தியானம் 1929 என்று போட்ட நோட்டை எடுத்தான். தன் பேர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்பது சம்பள ரிஜிஸ்டரில் பார்த்துப் பழக்கம். பக்கம் பக்கமாகத் தேடி ஆகஸ்டு மாசத்தில் பிடித்துவிட்டான். பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தான். நோட்டை வீட்டுக்குக் கொண்டு போனால் திருட்டு. பக்கத்தைக் கிழித்தாலும் திருட்டு. அமிர்தராஜிடம் வேலை பார்த்தவனுக்கு அந்தப் புத்தி போகாது. மூன்று மத்தியானம் உட்கார்ந்து, ஒரு தாளில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினான். கீழே இருந்த கையெழுத்துகளையும் விடாமல் எழுதினான். நல்லவேளை, அமிர்தராஜின் எழுத்து அவரைப் போலவே நிமிர்ந்து, ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கும்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தான். தெரிந்ததுக்கு மேலே தமிழில் எழுதினான், தெரியாததை அகராதியில் தேடினான். ஒரு வார்த்தை மட்டும் அகராதியில் அகப்படவில்லை. கிழிந்துபோன கடைசி இருபது பக்கத்தோடு போயிருந்தது. சின்னையனுடைய இன்னது நேற்று இறந்தது என்று வாக்கியம். இன்னது எது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் முடிந்தபோது தாளில் இப்படி இருந்தது:

"பியூன் சின்னையனின் மனைவி நேற்று இறந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியாமல் அவன் வேலைக்கு வந்திருக்கிறான். பதினாறு நாட்களுக்கு ஆசிரியர்கள் யாரும் அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. இரக்கம் காட்டி அவனை இங்கே அழவைக்கக் கூடாது. அதுவரை அவனை வெளி வேலைக்கு அனுப்ப வேண்டாம். அவன் தவறு செய்தால் என்னிடம் சொல்லவும். அவனிடம் சொல்ல வேண்டாம்."

திரும்பத் திரும்பப் படித்தான். எங்கேயாவது வாந்திபேதி என்று இருக்கிறதா என்று தேடினான். இல்லை. கிட்டே சேர்க்காதே என்று இருக்கிறதா? இல்லை.

"படுபாவி" என்றான் சுவரைப் பார்த்து. "கேட்டிருக்கணும்யா. ஒருத்தராவது கேட்டிருக்கணும். அழுதா என்னய்யா? அழத்தானே வந்தேன்!"

நல்லது நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல். தன் வீட்டில் சாவு விழுந்தால் யாரும் பேச்செடுக்கக் கூடாது என்று நினைக்கிற மனுஷர், ஊரில் எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். வாத்தியார்கள் என்ன செய்வார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டு வாயைக் கட்டிக்கொண்டார்கள். அதுவும் பதினாறு நாளைக்குத்தான். பதினாறு நாள் கழித்துப் பரக்கத் அலி வெற்றிலையை நீட்டினபோது வாங்காமல் போனது யார்?  பன்னிரண்டு வருஷத்தில் அமிர்தராஜின் கணக்கு பதினாறு நாள். மிச்சமெல்லாம் தான் போட்டுக்கொண்டது.

பிறகு கையெழுத்துகளைப் பார்த்தான். பதினாலு இங்கிலீஷில். பதினைந்தாவது தமிழில், வட்டவட்டமாக: பராசரன்.

 தமிழ்ப் பண்டிதருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் பொடிப் பையனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. பையன்கள் அவர் எதிரிலேயே இங்கிலீஷில் கிண்டல் பண்ணுவார்கள். சின்னையனுக்கும் அது தெரியும். இத்தனை வருஷமும் தெரியும். கோபம் கண்ணை மறைத்ததில், தெரியாதவர் எப்படிப் படித்திருப்பார் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் கடைசிப் பீரியடு முடிந்து பையன்கள் ஓடினபிறகு பண்டிதரின் வகுப்புக்குப் போனான். அந்த வருஷத்தோடு அவருக்கும் வேலை முடிகிறது. போர்டைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி."

பராசரன் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டது சின்னையன்தானா என்று அவருக்குச் சந்தேகம். "என்ன, சர்க்குலரா?"

"இல்லைங்க சாமி. ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. சர்க்குலரையெல்லாம் நீங்க படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவீங்களா?"

பண்டிதரின் முகம் கறுத்துப்போனது. "போற காலத்துல என்னைப் பரிகாசம் பண்ணச் சொல்லி எவன் அனுப்பிச்சான்?"

"யாரும் அனுப்பலைங்க. எனக்குத் தெரியணும், அதான்."

அவன் குரலில் என்ன இருந்ததோ, பண்டிதரின் கோபம் இறங்கிவிட்டது. "முப்பது வருஷமா படிக்காமதான் போட்டுண்டு வரேன். ஏ, பி தெரியாது எனக்கு. பக்கத்து க்ளாஸ்ல அவா மூஞ்சியைப் பார்த்து, லீவா இன்ஸ்பெக்ஷனான்னு தெரிஞ்சுப்பேன். போறுமா?"

சின்னையன் மேஜையண்டை வந்தான். "பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள், மரத்தடியில நின்னேன். சமைக்காம ஸ்ட்ரைக் பண்ணிட்டாளான்னு கேட்டீங்க."

"கேட்டேன். நன்னா ஞாபகம் இருக்கு. அன்னியோட நீ என் மூஞ்சியைப் பார்க்கறதையே விட்டுட்டே. என்ன தப்பாச் சொல்லிட்டேன்னு எனக்குப் புரியலை. பரக்கத் அலி கிட்ட கேட்டேன். 'அதைப் பத்திப் பேசப்படாதுன்னு ஆர்டர், நீங்களுந்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க'ன்னார். போட்டவன், என்ன ஆர்டர்னு எப்படிக் கேப்பேன்? கேட்டா, படிக்காம போட்டேன்னு தெரிஞ்சுடும். வாயை மூடிண்டு இருந்துட்டேன்."

"அதுக்கு முத நாள்தாங்க சாமி என் பொஞ்சாதி செத்துப்போச்சு."

பண்டிதர் துடைப்பானை மேஜையில் வைத்தார். பையன்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ரங்கா" என்றார்.  பரக்கத் அலியைத் தவிர அவரோடு பேசாதவர்கள் அந்த ஸ்டாஃப் ரூமில் பதின்மூன்று பேர். இங்கிலீஷில் சிரித்துக்கொள்வார்கள், இவர் ஓரத்தில் பொடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன்னோடு தமிழில் வாயடித்த ஒரே ஆளையும் அன்றைக்கு ஒரு கேலியில் இழந்தார், ஏன் என்று தெரியாமலே.

"பேர் என்ன?" என்று கேட்டார்.

"அழகம்மாளுங்க."

அவர் தலையை ஆட்டினார்.  சின்னையன் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தான். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனதைக்கூட அவன் பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. வெள்ளிக்கிழமை வண்டி வந்து நோட்டுகளை ஏற்றிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறி ஒன்பது மணி இருக்கும், காட்டூரில் அவன் வீட்டு வாசலில் ஆள் நிழல் விழுந்தது. பராசரன். ஸ்ரீரங்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. குடை இல்லை, செருப்பு இல்லை, கையில் பழம் காய் எதுவும் இல்லை. அப்படித்தான் வர வேண்டும். வரலாமா என்று கேட்கவில்லை. வா என்று இவனும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த ஒரே மணையைச் சின்னையன் எடுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.

"எப்படி ஆச்சு?" என்றார்.

நேற்று நடந்ததைக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

சின்னையன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான்.  சொல்ல ஆரம்பித்தான். சனிக்கிழமை கிணற்றடியில் துணி துவைத்தது. வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது. விடியற்காலம் தண்ணீர் கேட்டது. கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இவன் கையில் சொம்பை வைத்துக்கொண்டு நின்றது. கொடுக்காமல் விட்டது. அதை இதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆள் இருந்தால்தானே?

"கொடுத்திருந்தாலும் நின்னிருக்க மாட்டா. நீ ஒண்ணும் பண்ணலை" என்றார் பண்டிதர். "எந்த ஊர்ப் பொண்ணு?"

"லால்குடிப் பக்கங்க."

"என்ன வயசு?"

"இருபத்தெட்டுங்க."

"ச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படியும் காவிரியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகப்போகிறார். அதனாலோ என்னவோ, எட்டிச் சின்னையனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் எப்படிச் சமைப்பாள், எதற்குச் சிரிப்பாள், கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சின்னையன் சொல்லிக்கொண்டே போனான். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினான். எதிர்வீட்டுப் பாப்பாயி கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "யாரு செத்தது? ஒத்த ஆளுதானே அந்த வீட்டுல?" என்று யாரிடமோ கேட்டாள்.

பேச்சு அடங்கினதும் பண்டிதர் எழுந்தார். மேல்வேட்டியை உதறிப் போட்டுக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, அவர் சொல்லவில்லை. படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல், தஞ்சாவூர் ரோட்டைப் பார்க்க நடந்தார். சின்னையனும் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. அவர் மறைகிறவரைக்கும் வாசலில் நின்றான். பிறகு அங்கேயே உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, அழகம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதான்.